என் பெயர் வைத்த பூஞ்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

பத்திரிகைச் செய்தியை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மின்விசிறியைப் பழுதுபார்க்கக் கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க பாப்பா பேருல ஒரு உயிரினமே இருக்கு" என்று சொல்கிறீர்களாம். படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உங்கள் மேல் கோபமில்லை அப்பா. நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கடலில் மிதந்து கரை ஒதுங்கும் கட்டைகளில்தான் அந்தப் பூஞ்சை வளர்கிறது. கட்டையைச் சீவினால் கடுகில் பாதிகூட இல்லாத கறுப்பு உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் குட்டையான ஒரு கழுத்து, உள்ளே நிறைய வித்துகள். வித்துக்கு நடுவில் தடுப்பு வைத்த இரண்டு அறைகள், இரு முனையிலும் தொப்பி போல ஒன்று. கடல்நீரில் அரை மணி நேரம் விட்டால் தொப்பி பிரிந்து நூலாக நீளும். அந்த நூலைக் கொண்டுதான் வித்து அடுத்த கட்டையைப் பிடித்துக்கொள்கிறது. "அழுகின கட்டையத் தொட்ட கையால எப்படிடி சாப்பிடுற?" என்று அம்மா கேட்பாளே, ஆறு வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு அருவருத்ததில்லை.

எண்பது வருடத்துக்கு முன்பே இதே போன்ற ஒன்றை யாரோ விவரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். என்னுடைய வித்துகள் கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். ஆகவே குறிப்பேட்டில், "நூல் விரிகிறது. பழைய இனமாகவே இருக்கலாம். அன்று பெயரிட்டவர்கள் பாதுகாத்து வைத்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும்" என்று எழுதி, துறைத்தலைவரிடம் பார்க்கக் கொடுத்தேன். அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக அங்கே வந்து இரண்டு மாதம் இருந்தேன். திரும்பி வந்தால் கட்டுரை அச்சாகியிருக்கிறது. புது இனமாம். சாயத்தில் போட்டுக் காய்ந்த வித்துகளைக் காட்டி, "தொப்பி விரிவதில்லை" என்பதையே தனி அடையாளமாக்கியிருந்தார். சாயத்தில் அது எங்கே விரியும்? பன்னிரண்டு படமும் நான் வரைந்தவை. எழுதியவர்கள் பட்டியலில் அவரும் அவர் மருமகனும். மருமகன் கட்டையைக் கையால் தொட்டதே இல்லை.

பூஞ்சைக்கு வைத்தது என் பெயர், ஒரு லத்தீன் வாலோடு. கேட்டதற்கு, "உன் பேரையே வெச்சிருக்கேன்மா, இதைவிட என்ன வேணும்?" என்றார். எழுதியவர்களில் நான் ஏன் இல்லை என்றேன். "தன் பேரைத் தானே வெச்சுக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்க? அசிங்கமா இருக்காது?" என்று சிரித்தபடி ஒரு துண்டு கேக்கை என் வாயருகே நீட்டினார். சென்ட் மணக்கும் அந்தக் கை இன்னும் முகத்துக்கு நேரே நிற்பது போலிருக்கிறது.

குறிப்பேடு திரும்பி வந்தது. "நூல் விரிகிறது" என்ற வரிக்குப் பக்கத்தில் அவருடைய பச்சை மை டிக். அதைப் பார்த்த அன்று நிஜமாகவே வாந்தி எடுத்தேன். தெரியாமல் எழுதியிருந்தால் பரவாயில்லை, தெரிந்தே எழுதியிருக்கிறார்.

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடித் தகடுகளைக் கழுவும் அக்காவை எல்லோரும் கண்ணாடி அக்கா என்போம். என் கட்டைகளைக் குப்பையில் கொட்டும்படி தலைவர் அவரிடம் சொன்னாராம். அக்கா ஒன்றை மட்டும் கடல்நீர் ஊற்றி ஜாடியில் ஒளித்து வைத்திருந்தார். "அத்தனை வருஷம் நீ பொறுக்குனது, எனக்கு மனசு வரல" என்றார். மூல மாதிரியைத் தபாலில் வரவழைத்து, இருவருமாக நூற்றுக்கணக்கான வித்துகளை அளந்தோம். ஒல்லி, குண்டு எல்லாம் ஒரே இனத்துக்குள் வருகிற வித்தியாசம்தான். இரண்டும் ஒன்றே. முந்திய பெயர் இருக்கும்போது பிந்தியது நிற்காது. அதை எழுதி, அக்காவின் பெயரையும் சேர்த்தே ஆய்விதழுக்கு அனுப்பினேன். போன திங்களன்று ஏற்றுக்கொண்டார்கள்.

தலைவர் கூப்பிட்டார். "உன் பேரை நீயே அடிச்சுப் போடறியே, பைத்தியமா உனக்கு? வாபஸ் வாங்கிக்கோ. உன் வேலை ஒப்பந்தம் வேற இந்த மாசத்தோட முடியுது, யோசிச்சுப் பாரு" என்று தோளில் தட்டினார். "பேரு என்னோடதுதான் சார். பொய் உங்களோடது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சட்டையை இரண்டு முறை துவைத்தும் போட மனசில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வீட்டு வாடகை முடிந்ததும் அங்கே வந்துவிடுவேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். உங்களுக்குத் தலைகுனிவுதான், தெரியும். "அது தப்பு, அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சதும் என் பொண்ணுதான்" என்று சொல்லுங்கள் அப்பா.

ஒரே ஒரு வேண்டுகோள். என் பெயரை எங்கே பார்த்தாலும் இப்போது உடம்பு கூசுகிறது. எப்போதும் பாப்பா என்றுதான் எழுதுவீர்கள். பதில் கடிதத்தில் மட்டும், நீங்கள் எனக்கு வைத்த பெயரை முழுதாக, உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும்,
பாப்பா