திடமாக இருக்கும்போதே எண்ணெய் பூசிக்கொண்டவனுக்கு

உன் மனைவி லூர்து நேற்று உன்னுடைய பிளாஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் உதவும் என்றாள். இன்று காலை மூடியைத் திறந்தேன். எவ்வளவு கழுவியிருப்பாளோ, சுக்குக் காபி வாசம் இன்னும் போகவில்லை. மூடியை இறுக்கி வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடி திறந்து மோந்து பார்த்தேன். விடிந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப் போவதில்லை என்பதும் ஒரு சௌகரியம்.

நாளைக்கு எனக்குத் திருச்சியில் ஆபரேஷன். வயிற்றில் ஒரு கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். சாயங்காலம் கார் வரும். அதற்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: எண்ணெய் பூசிச் செபிக்கக் கோயிலிலிருந்து பங்குச் சாமியாரை வரச் சொல்வதா, வேண்டாமா. நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நீயே பைக்கில் போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருப்பாய்.

நம் ஆட்களை உனக்குத் தெரியும். நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் சாமியார் மந்திரித்த எண்ணெயைப் பூசிச் செபிப்பது உடம்பு தேறவும் மனம் தேறவும்தான் என்று கோயிலில் சொல்லிச் சொல்லிச் சாமியார்களுக்கு வாய் வலித்துவிட்டது. பெயரைக்கூட நோயில்பூசுதல் என்று மாற்றிவிட்டார்கள். நம் தெருவுக்கு அது இன்றைக்கும் அவஸ்தைப் பூசுதல்தான். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் சாமியாருக்கு ஆள் போகும். எண்ணெய் பூசினால் ஆள் முடிந்தார் என்று அர்த்தம். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் அடிவயிற்றில் அந்த நம்பிக்கைதான் உட்கார்ந்திருக்கிறது.

உன் இதய ஆபரேஷனுக்கு முந்தின நாளை நினைத்தால் இந்த நிலைமையிலும் சிரிப்பு வருகிறது. தா.பழூரில் வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நீயே சாமியாருக்குப் போன் செய்து வரச் சொன்னாய். அவர் கையில் சின்னப் பையோடு உன் வீட்டுக்குள் நுழைந்ததைத் தெரு பார்த்துவிட்டது. அவ்வளவுதான். எதிர்வீட்டில் ஆரம்பித்த அழுகை தெருக்கோடி வரைக்கும் போனது. உன் பெரியப்பா பந்தல்காரருக்குச் சொல்லிவிட்டார். உன் மாமியார் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் எண்ணெய் மினுங்க நீ வாசலுக்கு வந்து நின்றாய்.

"என்னா அத்த, இப்படி அழுவுறீங்க? இன்னும் கெளம்பலீங்க. உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க."

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்குறவனுக்கு எதுக்குடா எண்ணெ? கூறு கெட்டவனே!" என்று அழுத வாயோடு திட்டினார். பந்தல்காரர் வந்து நின்றுகொண்டு அளவு எடுப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். அவருக்கும் காபி கொடுத்தாய்.

எல்லாரும் போன பிறகு கொல்லைப்புறத்தில் அடிபம்புக்குப் பக்கத்தில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். பெரிய விசுவாசி ஏதாவது பெரிதாகச் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன்.

"பயம் இல்லியாவா? காலையிலேருந்து கக்கூஸுக்கும் கட்டிலுக்குமா அலையுறேன்டா வாத்தி. தைரியசாலிக்கு எதுக்குடா சாமி? பயந்தாங்கொள்ளிக்குத்தான் தொணைக்கு ஆளு வேணும். அதான் கூப்புட்டுட்டேன்."

பிழைத்து வந்தாய். பழையபடி பட்டறையில் தீப்பொறி பறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுருதி சேராத குரலில் பாட்டுக்குழுவைத் தோற்கடித்தாய். உன்னைப் பார்த்துத் தெரு திருந்தியது என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. உனக்கு ஆயுசு கெட்டி, அதனால் எண்ணெயையும் தாண்டிவிட்டாய் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் பிறகு நடந்ததை என்னால் பொறுக்கவே முடியவில்லை. இரும்பு வாங்கப் போனவன், அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். பக்கத்தில் லூர்து இல்லை, நான் இல்லை, சாமியாரும் இல்லை. அன்றைக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்லை உனக்கு. தேவையில்லாத நாளில் அவ்வளவு ஆர்ப்பாட்டத்தோடு வந்த ஆண்டவர், தேவையான நாளில் எங்கே போனார்? உன் அடக்கப் பூசையில் எனக்கு ஒரு செபமும் வாயில் வரவில்லை. ஆண்டவர் மேல் அப்படி ஒரு கோபம். இப்போதும் முழுக்கத் தீரவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவன் நான்தான். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், பஸ்ஸில் உனக்குப் பக்கத்து சீட். உன் செருப்பையும் பையையும் காலடியில் வைத்துக்கொண்டு, உன் ஆட்கள் வரும்வரை வீட்டுக்குப் போகாமல் இருந்தவர். அவர் சொன்னதைத்தான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன்.

"நெஞ்ச புடிச்சிக்கிட்டாருங்க. 'பாய், பயமா இருக்கு, கைய புடிச்சிக்கங்க'ன்னாரு. புடிச்சிக்கிட்டேன். நான் துஆ கேட்டுக்கிட்டே இருந்தேன், அவரு ஏசுவே ஏசுவேன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. டிரைவர் எங்கயும் நிறுத்தாம நேரா இங்க விட்டாரு. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும், 'இப்ப பயம் இல்ல பாய்'ன்னாரு. அப்புறம் பேசலீங்க."

அந்த நேரத்தில் உன் பயத்தை எடுத்தது ஆண்டவரா, பாயின் கையா? இதை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் எனக்குள்ளேயே மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த சீட்டில் அந்த மனுஷனை யார் கொண்டுவந்து உட்காரவைத்தது என்று நீ பட்டென்று கேட்பாய்.  யார் உட்காரவைத்திருந்தாலும், பயத்தோடு கை நீட்டிய உனக்கு ஒரு கை கிடைத்தது. அது மட்டும் உண்மை.

காலையில் என் மனைவி செலினிடம் பேச்சை எடுத்தேன். பை கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வேணாங்க. நல்லபடியா போயிட்டு வரலாம்னு கெளம்புற நேரத்துல எண்ணெயா? எங்க அப்பாவுக்குப் பூசிட்டு சாமியாரு தெருவத் தாண்டல, அதுக்குள்ள..." முடிக்காமல் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப மடித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சாமியாரின் போன் நம்பரை எடுப்பதும், போனைக் கீழே வைப்பதுமாகத்தானே நானும் இருந்தேன்.

இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டு எழுந்துபோய் போன் செய்தேன். வாத்தியார் புத்தி, என்ன சொல்வதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அறுவை சிகிச்சைக்குச் செல்லவிருப்பதால், தங்களுக்கு நேரமிருந்தால், என்றெல்லாம். அவர் எடுத்து "சொல்லுங்க சார்" என்றதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஃபாதர், பயமா இருக்கு. கொஞ்சம் வர்றீங்களா?"

எனக்கு விவரம் தெரிந்து இந்த வார்த்தையை யாரிடமும் நான் சொன்னதில்லை. பெற்ற தாயிடமும் சொன்னதில்லை, கட்டியவளிடமும் சொன்னதில்லை. நீ முன்பின் தெரியாத ஒருவரிடம் பஸ்ஸில் சொல்லிவிட்டாய். நீ போனபின் எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான் என்று போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

"இந்தா வர்றேன் சார்" என்றார். செலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "பயமா இருக்குன்னு எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மேஜைமேல் வெள்ளைத் துணியை விரித்து, சிலுவையில் ஏசு தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை எடுத்துவைத்து, அழுதுகொண்டே மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.

பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. எதிர்வீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். எனக்குள் அமைதி வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கட்டி என்னவென்று நாளைக்குத் தெரியும். இப்போது சாமியார் உள்ளங்கைகளை விரித்து நீட்டச் சொல்லுவார்.  நீ பஸ்ஸில் நீட்டியதுபோல, பயத்தோடேயே இந்தக் கைகளை நீட்டப் போகிறேன்.