அடக்கிய மூச்சு

ரப்பரைப் பல்லில் கவ்வியதும் முதலில் வந்தது உன் ஞாபகம்தான், மாப்ள. வெயிலில் கிடந்த டியூப் மாதிரி ஒரு வாடை. எட்டு வருஷத்துக்கு முன் உன் கம்ப்ரசரின் காற்றுக் குழாய், அந்த ஓஸின் நுனியிலும் இதே வாடைதான். சேலத்தில் ஒரு நீச்சல் குளத்தில், தீயணைப்பு வேலையில் இருக்கும் எங்கள் ஆறு பேருக்கு, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சு விடக் கற்றுத்தருகிறார்கள். கிணறு கிணறாகக் குதித்து வளர்ந்த எனக்கு, மார்பளவுத் தண்ணீரில் மண்டிபோட வகுப்பு. நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பாய்.

முதல் பாடம், வாயில் இருப்பதை எடுத்துவிட்டுக் கையை வீசித் தேடி மறுபடி கவ்வுவது. எனக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. பயிற்சி தரும் கொச்சிக்காரர், ஏற்கெனவே பழக்கமா என்று கேட்டார். எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் நீ அதைத்தானே நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தாய். போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்த நீ, கழித்துப்போட்ட கம்ப்ரசர் ஒன்றைத் தேற்றி, டீசல் இன்ஜினோடு பெல்ட் மாட்டி, ஓஸை வாயில் வைத்து நாலடித் தண்ணீரில் உட்கார்ந்திருப்பாய். மழைக்குக் கிணறு நிரம்பி மோட்டார் முழுகிப்போனவர்கள் எல்லாம், அதை எடுத்துத் தரச் சொல்லி இனி உன் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள் என்பாய்.

ஓமலூர் பக்கத்தில் என்னைவிட அதிக நேரம் முங்கிக் கிடக்க ஆளில்லை என்ற திமிர் எனக்கு. அந்தத் திமிரில்தான் சொன்னேன். "காத்து நின்னு போச்சுன்னா பதறாத. ஓஸ்ல மிச்சம் இருக்கறத ஒரு வாய் நெறையா இழுத்து அடக்கிக்க. மேல வர்ற வரைக்கும் ஒரு பொட்டு வெளிய உடாத." கிணற்றில் நீந்திப் பழகிய எவனும் இதைத்தான் சொல்வான். நான் இன்ஜினை நிறுத்துவேன், நீ கன்னம் உப்ப எழுந்து நிற்பாய். இருபது தடவையாவது செய்து பார்த்திருப்போம். தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு உன் பங்காளி தோட்டத்துக் கிணற்றில் இறங்கினாய். நாற்பது அடித் தண்ணீருக்குக் கீழே மோட்டார். நான் மேலே கயிற்றைப் பிடித்திருந்தேன். பெல்ட் அறுந்தது. இன்ஜின் பாட்டுக்கு ஓடியது, காற்று இல்லை. மேலே வா என்று கயிற்றை மூன்று முறை சுண்டினேன். நீ வந்தாய். வாயை இறுக மூடி, கன்னம் உப்ப, நேராக வந்தாய். கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அடக்கிட்டே வந்துட்டன்" என்றாய். அடுத்த மூச்சில் வாயில் ரத்த நுரை.

தண்ணீர் குடித்துவிட்டாய் என்று உன் வயிற்றை அமுக்கினேன். ஒரு கைத் தண்ணீர்கூட வரவில்லை. பயத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குங்க இந்த வேல?" என்று எழவு வீட்டிலேயே ஒருவர் கேட்டார். அது உன் அம்மா காதில் விழுந்தது.

போன வாரம் கொச்சிக்காரர் பலகையில் ஒரு பலூன் வரைந்தார். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர ஊதிப் பெரிதாகுமாம். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியுமாம். உயிரே போகிறாற்போல் இருந்தாலும் வரும்போது மூச்சை அடக்கக் கூடாது என்றார். காலமெல்லாம் அடக்கிக்கொண்டுதானே கிணற்றில் முங்கினோம் என்றேன். அது தண்ணீருக்கு மேலே இழுத்த காற்று, ஒன்றும் செய்யாது என்றார். நாற்பது அடியில் இழுத்து அடக்கினால்? அவர் பலகையிலிருந்த பலூனின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். உன்னைக் கிணறு கொல்லவில்லை, மாப்ள. நான் சொன்ன சொல் கொன்றிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றினால் தூற்றட்டும் என்றுதான் போனேன். அவர் கடலைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை. தலை நிமிராமல் கேட்டார்.

"அப்ப எம்பையன் பயந்து சாகலையா சாமி?"

"இல்லீங்கம்மா. நான் சொன்னத அப்படியே கேட்டான்ங்க."

உரித்த கடலையை மடியிலிருந்து முறத்தில் கொட்டினார். "ஊருக்குள்ள எல்லார்த்துகிட்டயும் இதச் சொல்லு. உன்ற பேரையும் சேத்துச் சொல்லு" என்றார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே டீக்கடையில் சொன்னேன், என் பேரையும் சேர்த்து. பயந்தாங்கொள்ளி என்றவரும் இருந்தார். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். இனி ஊர் என்னைப் பார்க்கிற பார்வை வேறாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

நேற்றுக் குளத்தின் ஆழமான பக்கத்தில் அடியிலிருந்து 'ஆ' என்று காற்றை விட்டபடியே மேலே வரும் பயிற்சி. பாதி வழியில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. கொச்சிக்காரர் என் வயிற்றில் தட்டினார். முகத்தில் மாட்டிய கண்ணாடிக்குள் உன் முகம் தெரிந்தது, படியைப் பிடித்துக்கொண்டு, சொன்ன மாதிரியே செய்துவிட்ட பெருமையோடு. வாயைத் திறந்தேன். நான் உன்னிடம் விடாதே என்று சொன்ன காற்றை, மேலே வரும்வரை விட்டுக்கொண்டே வந்தேன்.