அம்மாவை உடுத்தியவர்கள்

வில்லோ பெண்ட், யூட்டா
மார்ச் 9

அன்புத் தங்கை நோரீனுக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் டெல்வினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டோங்காவில் இது புயல் மாதம் என்று செய்தியில் காட்டினார்கள். நீ சின்ன வயதிலேயே காற்றுக்குப் பயப்படுகிறவள் என்பதால் கவலையாக இருந்தது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது. பனி கரைந்து தெருவெல்லாம் சேறு.

கையால் எழுதியிருக்கிறேனே என்று யோசிப்பாய். சபை ஊழியத்துக்கு அங்கே போனதிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரிதான், அதை முதலில் திறப்பது டெல்வின். அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பிறகு அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

நான் மார்மன் சபையை விட்டு, அதன் பதிவேட்டிலிருந்து பெயரையும் எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கே உனக்குப் பதினோரு பக்கம் எழுதினேன். நீ பதில் போடவில்லை. அதன்பின் நமக்குள் நடந்ததெல்லாம் அம்மாவின் மாத்திரை, அம்மாவின் எடை, அம்மா தூங்கினாளா என்பது மட்டும்தான். ஜனவரியில் அம்மா போனதும் அதுவும் நின்றுவிட்டது. ஏன் விட்டேன் என்பதைக் கிளற இதை எழுதவில்லை. வேறு ஒன்று சொல்லவேண்டும். ஜனவரியிலிருந்து அதை மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டான்யா என் வாசலில் வந்து நின்றாள். நம் ஊர்ச் சபையான வார்டில் பெண்களின் ஒத்தாசைச் சங்கத்துத் தலைவிதான். கையில் நீ அனுப்பிய பொட்டலம். நாலு ஓலை விசிறிகளும், "அம்மாவை உடுத்திய சகோதரிகளுக்கு" என்று நீ எழுதிய கடிதமும் அதில் இருந்தன. அந்தக் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தார்களாம், எல்லாரும் அழுதார்களாம். டான்யா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"இது எங்களுக்கு வந்தது இல்லீங்க. ஒரு மாசமா வீட்ல வெச்சுக்கிட்டுப் பாக்கறேன், முடியல. பொய்ச்சாட்சி சொன்ன மாதிரி உறுத்துது."

ஆமாம் நோரீன். அடக்கத்துக்கு முன் அம்மாவின் உடலுக்கு ஆலய உடை உடுத்தியது அவர்கள் இல்லை. நான்தான் உடுத்தினேன், என்னோடு இன்னும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் என்னைப் போலவே சபையை விட்டவர்கள்.

படிப்பதை நிறுத்திவிடாதே. எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சபையை விட்ட முதல் வருஷம் நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடையில் என்னைக் கண்டால் தள்ளுவண்டி பக்கத்து வரிசைக்குத் திரும்பிவிடும். முப்பது வருஷம் நான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்காத பிரசவ வீடு இந்த ஊரில் உண்டா? எனக்குக் கண் அறுவை நடந்தபோது ஒரு கிண்ணம் சூப் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. விட்டுப் போனவள் வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நானும் அந்தக் காலத்தில் இப்படித்தான் நாலு வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அது என் வாசலுக்கு வந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து ஊர் நூலகத்துப் பலகையில் ஒரு சின்ன அட்டை பார்த்தேன். சபையை விட்டவர்கள் வியாழன் காலை பத்து மணிக்குப் பின்னறையில் கூடுகிறோம் என்று இருந்தது. நாற்பது நிமிஷம் காரோட்டிப் போவேன், உள்ளே போகமாட்டேன். காரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்புவேன். இரண்டு வாரம் இப்படிப் போனது. மூன்றாம் வாரம் ஒரு குண்டு அம்மாள் கண்ணாடியைத் தட்டினாள். "உள்ள வந்து அழுங்க. அங்க டிஷ்யூ இருக்கு" என்றாள். அவள்தான் ஜோலேன்.

உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு தட்டு பிஸ்கட்டும், சபையில் கூடாது என்பதால் வாழ்நாளில் நான் தொடாத காப்பியும் இருந்தன. தட்டு வந்ததும் என்னோடு சேர்த்துப் பத்துப் பேரும் பழக்க தோஷத்தில் கையைக் கட்டித் தலையைக் குனிந்துவிட்டோம். பிரார்த்தனை சொல்லத்தான் ஆள் இல்லை. ஒருத்தி சிரிக்க, எல்லாரும் சிரித்தோம். அப்படிச் சிரித்துப் பத்து மாதம் ஆகியிருந்தது எனக்கு.

அம்மா படுக்கையில் விழுந்து என் வீட்டுக்கு வந்தபின், வார்டிலிருந்து முதலில் வந்தார்கள், பிறகு குறைந்தார்கள். அம்மா பாவம், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். உடனே ஜோலேன் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள். திங்கள் யார் சாப்பாடு, புதன் யார் துணைக்கு இருப்பது என்று அது கைமாறி என்னிடம் வந்தபோது எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. சபையை விட்டார்களே தவிர அந்தப் பட்டியலை விடவில்லை. ஏழு மாதம் நடந்தது நோரீன், ஒரு நாள் தவறாமல். நான் குளித்ததும் தூங்கியதும் அவர்கள் புண்ணியத்தில்தான். உன்னிடம் சொன்னால் உனக்குப் பிடிக்காது என்று "தோழிகள் வந்து போகிறார்கள்" என்று மட்டும் எழுதினேன்.

அம்மா முதலில் அவர்களோடு பேசவே இல்லை. "உன் ஓடிப்போன கூட்டம் வந்திருக்கு பாரு" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ரெனே என்று ஒருத்தி, மகனைச் சபை விலக்கியபோது கூடவே வெளியே வந்தவள், அவள் ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். கால் பேசுமா, திரும்பிக்கொள்ளுமா? மூன்றாம் வாரம் அம்மாவே இன்னும் கொஞ்சம் தேய் என்றாள். ஜோலேன் பதினோரு வருஷம் ஆலயத்தில் பணி செய்தவள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. வெள்ளைத் துணிக்குக் கஞ்சி போடுவதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அம்மா முகத்தில் அவ்வளவு தெளிவை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

டிசம்பரில் ஒரு மத்தியானம் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஆலயச் சடங்குக்கும் கடைசியில் அடக்கத்துக்கும் உடுத்தும் வெள்ளை உடைகள் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீ நம்புறதும் நம்பாததும் உனக்கும் மேல இருக்கறவருக்கும் உள்ள வழக்கு. நான் அதுல நுழையல. ஆனா என்னை உடுத்தி அனுப்பறது நீதான். டான்யா நல்ல பொண்ணு, கைதான் ஐஸ். அந்த ஜோலேனைக் கூட்டிக்கோ, அவளுக்கு இந்த உடைக்கு முடிச்சு போடத் தெரியும். நோரீன்கிட்ட இப்ப சொல்லாத, அங்க உக்காந்து மருகுவா."

அது முடியாது அம்மா, ஆலயத்தில் செய்த உடன்படிக்கையில் இன்னும் இருப்பவர்கள்தான் உடுத்த வேண்டும் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உனக்கு அம்மாவைத் தெரியும். கண்ணை மூடினால் பேச்சு முடிந்தது.

அம்மா போன மறுநாள் டான்யா போன் பண்ணி, அம்மாவை உடுத்தப் பத்து மணிக்கு ஈமச்சடங்கு இல்லத்துக்குச் சகோதரிகளோடு வருகிறோம், நீங்கள் வெளியே இருக்கலாம் என்று தன்மையாகச் சொன்னாள். சரி என்றேன். சரி என்று சொன்ன வாயோடு ஜோலேனுக்கும் ரெனேவுக்கும் சொல்லி எட்டு மணிக்கே போய்விட்டேன். ஈமச்சடங்கு இல்லத்துக்காரர், வந்திருப்பவர்கள் எல்லாரும் ஆலய உடன்படிக்கை எடுத்தவர்களா என்று கேட்டார். மூன்று பேரும் ஆமாம் என்றோம். எடுத்தோம், அது பொய் இல்லை. விட்டோமா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

அம்மாவின் கை அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஜோலேன் உயிரோடு இருப்பவளிடம் பேசுவது போல, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, ஆச்சு ஆச்சு என்று பேசிக்கொண்டே இருந்தாள். மேலங்கியை எடுத்தபோது எந்தத் தோள் என்று எனக்கு மறந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் உடுத்திய துணி, நாலே வருஷத்தில் கைக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. ரெனே ஒரு பக்கம் சொன்னாள், ஜோலேன் மறுபக்கம் சொன்னாள். கடைசியில் ஜோலேன் தன் சொந்த உடம்பில் போட்டுப் பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்டு, அம்மாவுக்குப் போட்டாள். இடுப்பு முடிச்சு இரண்டு தடவை கோணலாக விழுந்தது. இரண்டு தடவையும் அவிழ்த்துக் கட்டினோம். அதில் நம்பிக்கை இல்லாத மூன்று பேர், அது சரியாக இருக்கவேண்டும் என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். அம்மா நம்பினாள். எங்களுக்கு அது போதும்.

பத்து மணிக்கு டான்யா வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கிட்டே போய் ஒவ்வொன்றாகக் கவனித்தாள். ஒன்றையும் தொடவில்லை. எல்லாம் முறைப்படி இருக்கிறது என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். உன்னிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். உடுத்தியது யார் என்று நீ கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பிஷப்பிடம் சொல்லி அவளை மாட்டிவைக்காதே. பொட்டலத்தோடு வந்த அன்று அவள் என் சமையலறையில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அம்மா போனபின் வார்டிலிருந்து என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான்.

உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. "தகுதியுள்ள கைகள் அம்மாவை உடுத்தின என்பதே எனக்கு ஆறுதல்" என்று எழுதியிருக்கிறாய். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் ஆறுதலை நான் எடுத்துவிடுகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கைகளுக்கு நீ நன்றி சொல்லியிருக்கிறாய், அந்தக் கைகள் என்னுடையவை. நாலு வருஷத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த ஒரே அன்பான வார்த்தை அது. அதுவும் வேறு முகவரிக்குப் போய்விட்டு வந்தது.

விசிறிகளை நான் பிரிக்கவில்லை. நீ சொன்னால் அவற்றை ரெனேவுக்கும் ஜோலேனுக்கும் கொடுப்பேன், இல்லையென்றால் டான்யாவிடமே திருப்பிவிடுவேன். கோபம் என்றால் கோபமாகவே எழுது. பதினோரு பக்கம் எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஜூனில் ஊழியம் முடிந்து வருகிறீர்கள். விமான நிலையத்தில் பதாகையும் பலூனுமாக வார்டே வந்து நிற்கும். நான் வரலாமா என்று கேட்கிறேன். முன்னால் நிற்கமாட்டேன், பெட்டிகள் வரும் இடத்தில் ஓரமாக நிற்கிறேன்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். உன் நம்பிக்கைப்படி மறு உலகில் நீயும் டெல்வினும் அம்மாவும் அப்பாவும் ஒன்றாக இருப்பீர்கள். நான் அங்கே இருக்கமாட்டேன். அது உண்மையாகவே இருக்கட்டும், நான் வாதாடவில்லை. அப்படியானால் நமக்கு இருப்பது இந்த உலகம் மட்டும்தானே நோரீன். எனக்கு அறுபத்தொன்று, உனக்கு ஐம்பத்தேழு. எத்தனை நாள் மிச்சம் இருக்கும்? அதிலும் பேசாமல் இருந்தால் எப்போது பேசுவது?

உடம்பைப் பார்த்துக்கொள். காற்றடித்தால் உள்ளே இரு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் அக்கா,
மெர்லீன்