ஒப்புக்கொடுத்த மாத்திரை

4 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நீ எனக்கு வைத்த 'திருப்புளி' என்ற பட்டப்பெயருக்கேற்ப, உன் சபையின் ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்க வந்தேனே, அப்போது ஃப்யூஸ் தேடி உன் அறை டிராயரைத் திறந்தேன். இரத்த அழுத்த மாத்திரை, ஒன்பது அட்டை. எல்லாம் வேறு வேறு கம்பெனி, எல்லாம் பாதி தீர்ந்தது. சுகமாகிவிட்டோம் என்று சாட்சி சொல்லி உன் சபையார் மேடைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிற மாத்திரைகள். குப்பையில் கொட்டுவதாகத்தானே சொல்வாய்? நீ எடுத்து விழுங்குகிறாய். போதகர் மருந்துக்கடையில் போய் நிற்க முடியாதே!

ஒரு அட்டையின் பின்னால் பேனாவில் 'தி, செ, பு' என்று கிழமை எழுதியிருந்தது. அக்காவின் கையெழுத்து. உடனே அவள் வீட்டுக்குப் போனேன். "எனக்குச் சுகமாயிடுச்சுடா. எல்லாத்தையும் ஒப்புக்கொடுத்துட்டேன். உங்க அண்ணன்தான் தலையில கைவச்சு ஜெபிச்சான்" என்று சிரித்தாள். அவள் இரத்த அழுத்தத்தை அளந்தேன். நூற்றுத்தொண்ணூறு.

அன்று உன் வீட்டில் சாப்பிடாமல் கிளம்பினேனே, அண்ணியிடம் வயிறு சரியில்லை என்றது பொய். உன் வீட்டுச் சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை.

வரும் ஞாயிறு மேடையில் நின்று, "யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்" என்று சொல். அக்காவுக்காகவாவது.

திருப்புளி

10 மார்ச்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

(கை தானாக எழுதிவிட்டது. இருக்கட்டும்.)

நேற்று நான் சொல்லவில்லை. உன்னிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை. ஆறு வருஷமாக எனக்கு நம்பிக்கை கிடையாது. தலையில் கை வைக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு தட்டுப்படுகிறது, வேறொன்றும் இல்லை. ஒரு தடவை தலைமைப் போதகரிடம் மனம்விட்டுச் சொன்னேன். கதவைச் சாத்தினார். "எனக்குப் பன்னிரண்டு வருஷம்ப்பா. டீ சாப்பிடுறியா?" என்றார்.

ஆனால் ஆராதனை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை போடு, எனக்கே நம்பிக்கை இல்லை என்றேன். அவள் அசரவேயில்லை. "போதகருங்களுக்குத்தான் சோதனை ஜாஸ்தி. கவலைப்படாதே, உனக்கும் சேர்த்து நானே நம்புறேன்" என்று தட்டில் சோறு போட்டாள்.

இதற்கு மேல் நான் என்ன செய்ய? நீயே சொல்.

உன் அண்ணன்

13 மார்ச்

அண்ணா,

நிறுத்தச் சொன்னது மைக்கில். போடச் சொன்னது அடுப்படியில், குசுகுசுவென்று. அவள் எதை நம்புவாள்?

அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத்தான் வந்திருப்பாய், இல்லையா?

ஆஸ்பத்திரியில் நான் பார்க்கிற மெஷின் பழுது என்றால், 'உபயோகிக்காதே' என்று சீட்டு ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. நீயும் உன் பெரியவரும் பழுது என்று தெரிந்தே ஆளை மாட்டிவிட்டு டீ குடிக்கிறீர்கள். அவரை நினைத்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது. உன்னை நினைத்தாலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை. மேடையில். மைக்கில்.

திருப்புளி

17 மார்ச்

தம்பிக்கு,

நேற்று சொல்லத்தான் எழுந்தேன். எழுதிக்கூட வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்து, தான் சுகமான சாட்சியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என் தம்பி, என் தம்பி என்று வார்த்தைக்கு வார்த்தை. சபை முழுக்கக் கைதட்டியது. என்னால் முடியவில்லை. அல்லேலூயா என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

திட்டாதே. திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

அண்ணன்

20 மார்ச்

அண்ணா,

அக்கா காலையில் விழுந்துவிட்டாள். வாய் குழறுகிறது, வலது கை வரவில்லை. என் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். உன் போன் வழக்கம்போல் அணைந்து கிடக்கிறது. இதை ஆஸ்பத்திரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் ஏறு.

மாத்திரை கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். ஊசி என்றால் அசைகிற இடது கையாலேயே தள்ளுகிறாள். நான் எல்லாம் சொல்லிப் பார்த்தேன்; டிராயரில் பார்த்ததையும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவன்... வரட்டும்" என்கிறாள். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு வா. உன் நம்பிக்கையின்மையை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடு, உனக்குத்தான் அது பழக்கமாயிற்றே. மாத்திரை மேல் கை வைத்து, இதைக் கடவுள்தான் கொடுத்தார், வாங்கிக்கொள் என்று ஜெபி. மேடைக்குரலில், வார்டே கேட்கும்படி. பொய் என்று நம் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

அவள் விழுங்குகிற வரைக்கும் நான் பக்கத்தில் நின்று ஆமென் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே.

தம்பி