தங்கச்சிக்குத்தான் முதல் வாய்

அக்கா,

உன் டப்பாவின் வாடை போகவே இல்லை. சாம்பல், புளி, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். மூடியைத் திறந்தால் பூண்டும் புளித்த கோஸும் சேர்ந்து மூக்கில் குத்துகிறது. இன்று காலை கடையில் வேறு பாத்திரம் அகப்படாமல் இட்லிப் பொடியை அதில் போட்டு வைத்தேன். முதலில் வந்த ஆட்டோக்காரர் ஒரு விள்ளல் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இன்னாக்கா, பொடியில எலி கிலி வுழுந்து செத்துப்போச்சா?" என்றார்.

"அது கொரியா பொடிப்பா. உனக்கெல்லாம் அது புரியாது" என்றேன்.

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்புக்குப் பின்னால் போய்ப் பொடியைக் கொட்டினேன். டப்பாவைத் தூக்கி எறியத்தான் கையை ஓங்கினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

உன்மேல் கோபமாக இருக்கிறேன் அக்கா. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நீ செத்ததற்கு அழுது முடித்தாயிற்று. இது வேறு கோபம். வைதேகி டீச்சரிடம் சொன்னேன். "மனசுல வெச்சுக்காதீங்கோ, எழுதுங்கோ. பிழையை நான் திருத்தித் தரேன்" என்றார். அஞ்சாவதோடு நின்றவள் இப்போது பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் உனக்கு எழுத வேண்டியதாகிவிட்டது, அதுவும் சண்டை போட.

கூடப் பிறக்காத நம் மூன்று பேரையும் ஒரு மேஜையில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இட்லிக் கடை போட்டிருக்கிற நான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர் வீட்டில் சமையல் செய்கிற நீ. மீன் வாடை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும், ஆனால் ஓட்டல் என்றால் நமக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொள்ளும் சின்ன காஞ்சிபுரத்து டீச்சர். பட்டுப்புடவை எடுக்க ஊர்ப்பட்ட சனமும் காஞ்சிபுரத்துக்கு வருகிறது. நாம் மாதத்தில் ஒரு ஞாயிறு காஞ்சிபுரத்தை விட்டு பஸ் ஏறுவோம். ஒரு மாதம் கொரியா கடை, ஒரு மாதம் ஜப்பான் கடை, ஒருமுறை சென்னைக்கே போய் தாய்லாந்து கடை. தேங்காய்ப்பால் குழம்பில் புல்லைக் கிள்ளிப் போட்டிருக்கிறான் என்று நான் சொல்ல, "அது எலுமிச்சம் புல்லுடி, மாட்டுக்கு வெக்கறதில்ல" என்று நீ தலையில் தட்டினாயே, அந்தக் கடை.

முதன்முதலில் போன கொரியா கடையை மறக்க முடியுமா? மேஜை நடுவில் அடுப்பு. கறியை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கத்திரிக்கோலையும் வைத்தார்கள்.

"ஏன்க்கா, சாப்பிட வந்தமா, ஜாக்கெட் தைக்க வந்தமா?"

"வாய மூடுடி, இட்லி நாக்கு. கறிய அதாலதான் வெட்டணும்."

"இதுல மீன் போட்டிருக்காளான்னு கேளுங்கோ" என்று ஒவ்வொரு கிண்ணத்துக்கும் டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு மட்டும் கல்சட்டியில் சோறும் காயும் வந்தது. நான் கையை நீட்டினேன். நீ பட்டென்று அடித்தாய்.

"அவங்க வூட்ல மூத்தவங்க ஸ்பூனை எடுத்தாத்தான் மத்தவங்க கை வெக்கணும். நாந்தான் மூத்தவ. பொறுடி."

நீ கண்ணை மூடிக்கொண்டு மென்றாய். "எள்ளை வறுத்து ஆட்டுன எண்ணெய். கறியில பேரிக்காயை அரைச்சி ஊறப் போட்டிருக்கான்" என்றாய். பரிமாற வந்தவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஆமாம்மா, பேரிக்காய்தான்" என்று உனக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்க அக்கா நாக்கு, எங்க அக்கா நாக்கு என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடமெல்லாம் பீற்றிக்கொண்டு வந்தேன்.

அது நிஜமான நாக்கு. அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அப்புறம் நீ சொன்னதையெல்லாம் நம்பினேன்.

கொரோனா வந்தது. நீ மாடி அறையில் பதினைந்து நாள் தனியாகக் கிடந்தாய். நான் படியில் கஞ்சி வைத்துவிட்டுக் கீழே நின்று, "கொரியாக்காரி, உசுரோட இருக்கியா?" என்று கத்துவேன். "உன் கஞ்சியக் குடிச்சாலே செத்துடுவேன்டி" என்று மேலேயிருந்து பதில் வரும். பிழைத்து வந்தாய். கடைகளும் திறந்தன. மறுபடி பஸ் ஏறினோம். அதே கொரியா கடை, அதே மேஜை. நான் கையைக் கட்டிக்கொண்டு நீ ஸ்பூனை எடுப்பதற்காகக் காத்திருந்தேன். நீ ஸ்பூனை என் பக்கம் நகர்த்தினாய்.

"இனிமே தங்கச்சிக்குத்தான் முதல் வாய்."

"சட்டத்த மாத்திட்டியா?"

"செத்துப் பொழச்சவ வெச்சதுதான் சட்டம். தின்னுடி."

அக்கா, என் பிறந்த வீட்டில் ஐந்து பிள்ளைகளில் நான் நான்காவது. கட்டிக்கொடுத்த இடத்தில் எல்லோரும் தின்று முடித்து மிச்சமிருந்தால் எனக்கு. கடை போட்ட பிறகு, வாடிக்கைக்காரர்கள் எழுந்து போனபிறகு எனக்கு. ஐம்பது வயது வரைக்கும் முதல் வாய் என்று ஒன்றை யாரும் எனக்குத் தந்ததில்லை. அன்றைக்கு அந்தக் கல்சட்டிச் சோற்றை வாயில் வைத்து மெதுவாக மென்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பாசம் என்று நினைத்தேன். சிரிக்காதே.

அதற்குப் பிறகு எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். நான் முதலில் சாப்பிடுவேன். நீ பார்ப்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிடுவாய். "உப்பு ஒரு கல்லு கூட." "புளிப்பு ஏறல, ரெண்டு நாள் வெச்சிருக்கணும்." அதைத்தானே நான் சொல்ல வந்தேன் என்று இருக்கும். சொன்னால், "ஆங், நான் சொன்னப்புறம் இட்லி நாக்குக்குத் தெரிஞ்சிடுச்சி பாரு" என்பாய். டீச்சர் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். நான் ஊரைக் கிண்டல் செய்கிறவள், உன் கிண்டலுக்கு மட்டும் தலையை ஆட்டுவேன்.

காலையில் வேலைக்குப் போகிற ஆறு மணி வேனுக்காக என் கடை முன்னால்தான் நிற்பாய். கையில் இந்த டப்பா. முந்தின நாள் நீ ஊறவைத்த கோஸ் ஊறுகாயில் ஒரு துண்டு. "உனக்காகத்தான் எடுத்தாந்தேன், வாயில போடு." இட்லி வேகிற நேரத்தில் புளித்த கோஸா என்று திட்டிக்கொண்டே போட்டுக்கொள்வேன். ஒருநாள்கூட நீ மறந்ததில்லை. உன் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுகூட மறக்கவில்லை.

என் கடையில் பால் தீய்ந்த நாளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தெருக்கோடி வரை நாறியது. எதிர் வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். நீ அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாடிக்கைக்காரர்களிடம் கொரியாக்கார அம்மாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். "இன்னாக்கா கனவா? பால் கருகுது, நின்னுக்கினு இருக்கியே!" என்று நான் வெளியிலிருந்து ஓடி வந்து கத்தினேன். "பேச்சுல கெவனிக்கல" என்றாய். அதையும் நம்பினேன்.

கருட சேவை அன்று நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. விடியும்போதே கூட்டம். வழக்கத்துக்கு இரண்டு மடங்கு, பெரிய அண்டா நிறைய சாம்பார். என் இரண்டு கையும் மாவில். நீ வந்தாய். "அக்கா, வாயில வுட்டுப் பாத்து உப்பு சொல்லு" என்றேன். அன்றைக்கு நான் இன்னும் ருசி பார்க்கவில்லை. நீ கரண்டியை வாயில் வைத்தாய். ஒரு நொடி என்னைப் பார்த்தாய். அந்த நொடி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"கம்மிடி" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு, பழைய மாதிரியே. "ரெண்டு கை போடு."

போட்டேன்.

முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். "பெருமாளைப் பாக்க வந்தவங்களுக்குக் கடல் தண்ணிய ஊத்தறியேம்மா" என்றார் ஒரு பெரியவர். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தேன். சாயங்காலம் நீ வந்தபோது அழுதேன். நீ என்ன சொன்னாய்? "முன்னாடியே உப்பப் போட்டுட்டு மறந்திருப்பே. இட்லி நாக்கு மட்டுமில்ல, இப்ப மூளையும் இட்லியாப் போச்சி" என்றாய். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். இருபது வருஷமாக ஒரே ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து உப்புப் போட்டவள், அன்றைக்குப் பிறகு மூன்று தடவை ருசி பார்ப்பேன். அப்போதும் சந்தேகம் தீராமல் பக்கத்துப் பூக்காரியைக் கூப்பிட்டுக் கேட்பேன். என் நாக்கைவிட்டுப் பூக்காரி நாக்குக்குப் போனேன். நீ அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். தினமும் காலையில், டப்பாவோடு.

போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாய். காரியத்துக்கு நான்தான் சாம்பார் வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு உன் மகள் கவிதா இந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத நீங்களே வெச்சிக்கங்க சித்தி. உங்களுக்கு ஊறுகா எடுத்தாறத்துக்குன்னே அம்மா தனியா வெச்சிருந்திச்சி. நீங்க இல்லன்னா அம்மா வேலை எப்பவோ போயிருக்கும்."

"நான் இன்னாம்மா பண்ணேன்? தின்னதுதான் மிச்சம்."

"இன்னா சித்தி, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது என்று அவள் நினைக்கவே இல்லை. "அந்த ஜுரத்துல போன ருசி அம்மாவுக்குத் திரும்பவே இல்லியே. வாசனையும் தெரியாது. காரம் மட்டும் சுரீர்னு தெரியும். கொரியாக்கார அம்மாவுக்குத் தெரிஞ்சா வேலையவுட்டு நிறுத்திடும்னு சொல்லல. நீங்க சாப்பிடசொல்ல உங்க மூஞ்சியப் பாத்துதான் எல்லாம். வலது புருவம் தூக்கிச்சின்னா உப்பு ஜாஸ்தி. மூக்கு சுருங்கிச்சின்னா புளிப்பு. நல்லா இருந்தா உங்க காது ஆடுமாமே? அம்மா எங்களுக்கு நடிச்சிக் காட்டும் சித்தி. வூடே சிரிக்கும்."

அவளும் புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். அம்மாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

வேலைக்காக ஊரிடம் மறைத்தாய், சரி. கொரியாக்காரியிடம் மறைத்தாய், சரி. என்னிடம் ஏன்? கேட்டிருந்தால் தினமும் உன் வீட்டு வாசலுக்கே வந்து ருசி பார்த்துச் சொல்லியிருப்பேன். கோஸ் தின்று தின்று எனக்கும் கண் இடுங்கினாலும் சொல்லியிருப்பேன். என் நாக்கை எடுத்து உன் வாயில் வைத்துக்கொண்டாய். அதோடு விட்டாயா, அந்த நாக்குக்கு ஒன்றும் தெரியாது என்று என்னிடமே சொன்னாய். உப்பு அண்டாவைக் கவிழ்த்த அன்றைக்காவது, "தப்பு என்னுதுடி" என்று ஒரு வார்த்தை. என் மடியில் தலையை வைத்துச் சொல்லியிருந்தால் நான் என்ன அடித்திருக்கவா போகிறேன்? நீ எனக்குக் கொடுத்த ஒரே மரியாதை அந்த முதல் வாய். அதுவும் எனக்காகக் கொடுத்ததில்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் கொட்டினேன். "ஞாயித்துக்கிழமை கொரியா கடைக்குப் போலாம்" என்றார். போனோம். பழக்கத்தில் மூன்று நாற்காலி இருக்கிற மேஜையில்தான் உட்கார்ந்தோம். கல்சட்டிச் சோறு வந்தது.

"இப்போ நீங்கதான் மூத்தவா. எடுங்கோ" என்றார் டீச்சர்.

ஸ்பூனை எடுத்து வாயில் வைத்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு என்ன வந்ததோ, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அப்படியே மென்றேன்.

"என்ன இது, கல்யாணப் பொண்ணு மாதிரி?"

"இருங்க டீச்சர். என் வாயால நான் சொல்றேன்."

விழுங்கிவிட்டு முந்தானையை எடுத்தேன். பரிமாறுகிறவர் வந்து நின்றார். "உப்பு சரியாக்கீது. ஆனா எண்ணெய மாத்திட்டீங்க. எள்ளு வறுபடல, பழைய மணம் இல்ல" என்றேன். அவர் உள்ளே போனார். திரும்பி வந்து, "ஆமாம்மா, இந்த வாரம்தான் வேற டின் வாங்கினாங்களாம். எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார்.

காலி நாற்காலியைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் இல்லை. பூக்காரியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். உள்ளங்கையில் ஒரு சொட்டு, முன்னைப் போல. டப்பாவை மேல் பலகையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வேன் வந்து நிற்கிற நேரத்தில் மட்டும் கண் அந்தப் பக்கம் போகிறது.

இன்னொன்று, அக்கா. என் புருவத்தைப் பற்றிக் கவிதா சொன்னதை நான் நம்பவில்லை. என்னைக் கட்டியவர் முப்பது வருஷத்தில் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. நேற்றுக் காலை சாம்பாரை நக்கிக்கொண்டே, இட்லிக் குண்டானின் மூடியைத் துடைத்துத் தூக்கி என் முகத்தைப் பார்த்தேன்.

வலது புருவம் மேலே போனது.

சரியாகத்தான் பார்த்திருக்கிறாய், பாவி. சாம்பாரில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டேன்.