ஸ்ட்ராவால் ஊதிய மரம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நீங்க ரெண்டு பேரும் சுகமா இருப்பீங்கன்னு நம்பித்தான் எழுதுறேன். முதுகுவலி எப்படி இருக்கு? மறைக்காம எழுதுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். போன வாரம் லேசா காய்ச்சல். நான் வேலை பாக்குற லாண்டரியோட சூப்பர்வைசரே, "இஸ்திரி மேசை எங்கயும் ஓடிப்போயிடாது, போய்ப் படும்மா"ன்னு மூணு நாள் லீவு கொடுத்துட்டார்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! அறையில கூட இருக்கிற சமையல்காரக்கா தன்னோட வாட்டர்கலர் டப்பாவைக் கொடுத்து ஒரு வித்தை சொன்னாங்க. மரம் வரைய பிரஷ்ஷே வேண்டாமாம். தாளோட அடியில தண்ணியா ஒரு சொட்டு பழுப்புக் கலர் வச்சு, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவால ஊதணும். சொட்டு ஓடி ஓடி அடிமரமாகுது, கிளையாகுது, கிளையில இன்னொரு கிளை பிரியுது. நான் ஊதுறேனா, அதுவா வளருதான்னே தெரியல. மதியம் முழுக்க அந்த மரத்தடியிலயே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்துச்சு. காத்துச் சத்தம்கூட கேட்டுச்சு, என் மூச்சுதான்.

படத்தை இதோட வச்சிருக்கேன். இடப்பக்கக் கிளையெல்லாம் பாதியில நிக்குதேன்னு பயப்படாதீங்க. ஊதும்போது இருமல் வந்துடுச்சு, அவ்வளவுதான்.

வலப்பக்கத்தை வேணும்னேதான் வெறுமையா விட்டிருக்கேன். அங்க நீங்களும் பாப்பாவும் ஆளுக்கொரு சொட்டு வச்சு ஊதி, எனக்கே திருப்பி அனுப்புங்க. என் கட்டில் பக்கத்துச் சுவரு மொட்டையா இருக்கு.

வேலைக்குக் கூட்டிப்போற வண்டி வந்துடுச்சு, ஹாரன் அடிக்கிறாங்க. பாப்பா ஊதும்போது எச்சில் தெறிச்சா திட்டாதீங்க, துடைக்காதீங்க. அதுவும் தாளோட என்கிட்ட வரட்டும்.