அரிவாள்மனை ஏறாத ரயில்

ஜூலை 6, கிருஷ்ணநகர், வங்காளம்
காலையிலேயே சொல்லிவிட்டேன். இந்தத் துர்கா பூஜை விடுமுறைக்குப் புரி கிடையாது, கேரளம். இவர் கையிலிருந்த லுச்சிப் பூரி பாதி வழியில் நின்றது. "புரிக்கு என்ன குறைச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை. இருபத்தோரு வருஷம், அதே கடல், வாடகைச் சமையலறையோடு அதே விடுமுறை இல்லம், சொந்தபந்தம் சேர்த்து அதே பதினொரு பேர். விடிந்ததும் ஆண்கள் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கக் கிளம்புவார்கள். அவர்களுக்கு அதுதான் சுற்றுலா. வாங்கி வந்ததை நானும் இவர் தம்பி பெண்டாட்டி ரூமாவும் ஆய்ந்து, அரிந்து, பொரித்து, குழம்பு வைத்து நிமிர்ந்தால் மணி மூன்று. புரிக் கடலில் சூரியன் உதிப்பதை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பதினொரு டம்ளர் தேநீர். பள்ளியில் முப்பது வருஷமாகப் புவியியல் நடத்துகிறவள் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்!

கேரளத்தில் சூரியன் கடலில் மறையும். அதைப் பார்க்கப் போகிறேன்.

ஜூலை 19
வர்க்கலா முடிவாகிவிட்டது. செம்மண் குன்றின் மேல் விடுதி, கீழே கடல். தொலைபேசியில் முதல் கேள்வியே சமையலறை இருக்கிறதா என்பதுதான். "இல்லைங்க, மன்னிக்கணும்" என்றார் விடுதிக்காரர். "ரொம்ப நல்லது, ஆறு அறை போடுங்க" என்றேன். பாவம், குழம்பிப்போயிருப்பார்.

ஜூலை 27
கூடத்தில் மாநாடு. அண்ணி என்றும் பாராமல் கொழுந்தன் நிர்மல்தான் எதிர்க்கட்சி. "பௌதி, அங்க மீனைத் தேங்காயெண்ணெயில பொரிப்பாங்களாம்! தலையில தேய்க்கிறதைப் போய் வாயில ஊத்துறதா?"
"சாப்பிடு. உள்ளேயிருந்தாவது முடி முளைக்கட்டும்."
வழுக்கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தீர்மானம் நிறைவேறியது.

ஆகஸ்ட் 13
எட்டு மணிக்கு முன்பதிவு திறந்தது. எட்டு மூன்றுக்குப் பதினொரு படுக்கையும் என் கையில். ஒரே சீட்டில் ஆறு பேருக்கு மேல் முடியாது. நேற்றே ஆறு, ஐந்து என்று பிரித்து எழுதி வைத்திருந்தேன். நானா, கொக்கா?

ஆகஸ்ட் 30
ரூமா ரகசியமாகக் கேட்டாள்: "தீதி, அங்க நிஜமாவே நாம சமைக்க வேண்டாமா?" வேண்டாம் என்றேன். போகும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை கேட்டாள்.

செப்டம்பர் 21
மகாளய அமாவாசை. விடியற்காலையில் கங்கையில் தர்ப்பணம் முடித்து, கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "உனக்கு ஒரு நல்ல செய்தி" என்றார்.

விடுதியை ரத்து செய்துவிட்டாராம். அலுவலக நண்பர் மூலம் அதே வர்க்கலாவில் தனி வீடாம். "கேஸ், பாத்திரம் எல்லாம் இருக்கு. இனி நம்ம வீட்டுச் சாப்பாடுதான்!" முகமெல்லாம் சந்தோஷம். அதுதான் என்னைக் கொல்கிறது — கெட்ட எண்ணம் கொஞ்சம்கூட இல்லை. இருந்தால் சண்டை போடலாமே!

நம்ம வீட்டுச் சாப்பாடாம். யாரு சமைக்கிறது? ஒரு வார்த்தை கேட்டாரா? ரெண்டு ராத்திரி ரயில்ல போய், அங்கயும் நான் அடுப்படியில நிக்கணுமா? அதுக்கு இங்கயே நிக்கலாமே!

சந்தேஷைத் தொடவில்லை. ரூமாவுக்கு எப்படிச் சொல்வேன்?

செப்டம்பர் 22
சந்தேஷ் இரண்டு சாப்பிட்டேன். வழி இருக்கிறது.

அக்டோபர் 4
விஜயதசமி வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு, நேராகவே சொன்னேன்: "அந்தச் சமையலறையில நான் கால் வைக்க மாட்டேன். ரூமாவும் வைக்க மாட்டா."
"சரி சரி" என்று சிரித்தார். "கடலைப் பார்த்தா கோபமெல்லாம் போயிடும்."
நம்பவில்லை. நம்பாதது அவர் பாடு.

அக்டோபர் 11
மூட்டை கட்டுகிறோம். கடுகெண்ணெய் ஐந்து லிட்டர், கோவிந்தபோக் அரிசி, கசகசா, எல்லாம் அவர் தோளில். "அரிவாள்மனையை எடுத்து வச்சிட்டியா?"
"அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."
பொய்யில்லை. எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி இருக்கிறது. ரூமாவும் தன்னுடையதைக் கட்டில் அடியில் தள்ளிவிட்டாளாம். தொலைபேசியில் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

அக்டோபர் 14, வர்க்கலா
காலையில் இறங்கினோம். குளித்த கையோடு அண்ணனும் தம்பியும் சந்தைக்கு ஓடினார்கள். நாலரை கிலோ நெய்மீன், முழுசாக. வெட்டித் தருகிறேன் என்ற கடைக்காரரிடம் வேண்டாம் என்றாராம் இவர். நம் வீட்டுத் துண்டு அளவு அவருக்குத் தெரியாதாம். நல்லது.

பைகளை எல்லாம் கவிழ்த்துத் தேடிவிட்டு வந்தார். "அரிவாள்மனை எங்க?"
"கிருஷ்ணநகர்ல."
"மீனு?"
"கத்தி இருக்கே. அளவு உங்களுக்குத் தெரியும்ல?"
ரூமாவின் கையைப் பிடித்துக்கொண்டு குன்றின் படிகளில் இறங்கிவிட்டேன்.

கடல். முழங்கால், இடுப்பு, கழுத்து. ரூமா குழந்தை மாதிரிக் கத்தினாள். மதியம் ஒரு சின்னக் கடையில் தேங்காயெண்ணெயில் பொரித்த மீன் தின்றோம். நன்றாகவே இருந்தது. நிர்மலிடம் சொல்லக் கூடாது.

சாயங்காலம் மணலில் உட்கார்ந்திருந்தபோது இவர் படியிறங்கி வந்தார். சட்டையில் செதில், விரலில் துணிக்கட்டு, கையில் பிளாஸ்க். பக்கத்தில் உட்கார்ந்தார்.
"சாப்பிட மணி நாலாச்சு. அதுலயும் பாதி கருகிடுச்சு." விரல் கட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு, "புரியில தினமும் இப்படித்தானா?"
"தினமும்."
"இருபத்தோரு வருஷமா?"
ஆறு எட்டுக்குச் சூரியன் தண்ணீரைத் தொட்டது. கொஞ்சம் மேகம் இருந்தது, ஆனாலும் முழுசாகப் பார்த்தேன். பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தார். அவர் கையால் போட்ட தேநீர்.

சர்க்கரை அதிகம் என்றேன்.

நாளைக்குக் குறைச்சுப் போடுறேன் என்றார்.